ஸ்பீட் ட்ராப் ஊர்கள்: அமெரிக்கச் சிற்றூர்களில் வேக வரம்பும் டிக்கெட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டர்ஸ்டேட் எனப்படும் விரைவுச்சாலையை விட்டு இறங்கி, ஊர்களுக்கு நடுவே போகும் பழைய ஹைவேக்களில் கார் ஓட்டுகிறவர்களுக்கானது இந்தப் பக்கம். போக்குவரத்துச் சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு விதி எந்த மாநிலத்துடையது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். அதை இன்னொரு மாநிலத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். வேகம் எல்லாம் மணிக்கு இத்தனை மைல் என்ற கணக்கில்.

ஸ்பீட் ட்ராப் என்றால் என்ன? போலீஸ் ஒளிந்து நின்றாலே அதுதானா?

இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் போலீஸ் கார் விளம்பரப் பலகைக்குப் பின்னால் நிற்கத் தடை கிடையாது. பேச்சுவழக்கில் ஸ்பீட் ட்ராப் என்பது மூன்று விஷயங்கள் ஒன்றுசேரும் இடம். 65-இல் வந்த சாலை ஊர் எல்லையில் சட்டென்று 45, 35 என்று இறங்கும். சாலையோ அதே அகலத்தில், அதே நேர்கோட்டில் கிடக்கும். வேகம் குறைக்கத் தோன்றாது. வசூலாகும் அபராதம் ஊர் பட்ஜெட்டில் பெரும்பங்காக இருக்கும்.

மூன்றாவது இல்லையென்றால் அது ட்ராப் அல்ல, கண்டிப்பான ஊர். சாலையோரமே பள்ளிக்கூடமும் வீடுகளும் இருக்கும் ஊர் 30-ஐக் கறாராகப் பிடித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேகத்துக்காக டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, வாங்கிய கோபத்தில் எல்லா ஊரையும் ட்ராப் என்று சொல்லிவிடுகிறோம்.

நிஜமாகவே அப்படிப் பெயர் கெட்ட ஊர்கள் எவை?

ஃபுளோரிடாவில் யூ.எஸ். 301 ஹைவே மேல் இருக்கும் வால்டோவைச் சொல்லாமல் இந்தப் பேச்சே வராது. சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். சில மைல்களுக்குள் வேக வரம்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதே சாலையில் இருக்கும் லாட்டியையும் வால்டோவையும் ட்ரிபிள் ஏ எனப்படும் வாகன ஓட்டிகள் சங்கம் 1995-இல் 'டிராஃபிக் ட்ராப்' என்று அறிவித்தது. மாதத்துக்கு இத்தனை டிக்கெட் எழுதியாக வேண்டும் என்று தங்களுக்குக் கணக்கு வைத்திருப்பதாக 2014-இல் வால்டோ போலீஸ்காரர்களே ஊர் மன்றத்தில் எழுந்து சொன்னார்கள். அந்த ஆண்டே போலீஸ் துறை கலைக்கப்பட்டது. அப்படிக் கணக்கு வைப்பதை 2015-இல் ஃபுளோரிடா சட்டம் போட்டுத் தடுத்தது.

பக்கத்திலேயே ஹாம்ப்டன். ஐந்நூறு பேர்கூட இல்லாத இந்த ஊர், யூ.எஸ். 301-இல் 1,260 அடியை மட்டும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டு அங்கே டிக்கெட் எழுதியது. ஊரையே கலைத்துவிடுவோம் என்று 2014-இல் மாநில சட்டமன்றம் மிரட்டியபின் அந்தத் துண்டை விட்டுக்கொடுத்தது. ஒஹையோவில் நியூ ரோம் இன்னும் சின்னது: 60 பேர். கொலம்பஸை ஒட்டிய பெரிய சாலையில் 45 திடீரென 35 ஆகும் இடம் அது. 2004-இல் அந்த ஊராட்சியே கலைக்கப்பட்டது. ஜார்ஜியாவில் லுடோவிசி என்ற ஊரை எச்சரித்து 1970-இல் மாநில ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸே சாலையோரம் விளம்பரப் பலகை வைத்தார்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

உண்டு. ஊர் எவ்வளவு பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதில்தான் சில மாநிலங்கள் கை வைக்கின்றன. டெக்சஸில் 5,000-க்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர், முந்தைய ஆண்டு வருவாயில் 30 சதவீதம் வரைதான் போக்குவரத்து அபராதமாக வைத்துக்கொள்ள முடியும்; அதற்கு மேல் வருவது மாநிலக் கருவூலத்துக்குப் போய்விடும். மிசூரியில் மாக்ஸ் க்ரீக் என்ற ஊரால் 1995-இல் ஒரு சட்டமே வந்து, அந்த ஊரின் பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது. ஊர் வைத்துக்கொள்ளக்கூடிய பங்கைப் படிப்படியாக இறக்கி 2015-இல் 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஜார்ஜியா சட்டம் பணத்தோடு நிற்காமல், அளக்கும் இடத்தையும் முறையையும் கட்டுப்படுத்துகிறது. ஊர் போலீஸோ கவுண்டி (மாவட்டம் மாதிரி) போலீஸோ வேகம் அளக்கும் ரேடார் வைத்திருக்கும் கார் 500 அடி தூரத்திலிருந்தே ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 7 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள சாலையில் ரேடார் வைக்கக் கூடாது. மாநில ரோந்துப் படைக்கு இவை பொருந்தாது. டிக்கெட்டில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வேகம் எந்த இடத்திலிருந்து குறைந்திருக்க வேண்டும்? பலகையைப் பார்த்தபின் குறைத்தால் போதாதா?

போதாது. மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் மாட்டுகிறார்கள். வெள்ளைப் பலகையில் 35 என்றிருந்தால், அந்தக் கம்பத்தைத் தாண்டும் நொடியில் உங்கள் வேகம் 35 ஆக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வரும் மஞ்சள் பலகை, வரம்பு குறையப் போகிறது என்ற எச்சரிக்கை மட்டுமே. பிரேக்கில் கால் வைக்க வேண்டியது அந்த மஞ்சள் பலகையில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 65-இல் வரும் கார் நொடிக்கு 95 அடி ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், சமதரையில் 35-க்கு வர ஏறத்தாழ 2,000 அடி பிடிக்கும். அதாவது மைலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மெல்ல பிரேக் பிடித்தால் 700 அடி. இறக்கமாக இருந்தால் இரண்டும் நீளும். வெள்ளைப் பலகையைப் பார்த்துக் காலை மட்டும் எடுப்பவர், ஊரின் பாதியைத் தாண்டும்வரை வரம்புக்கு மேலேதான் போய்க்கொண்டிருப்பார். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கண்ட்ரோல் போட்டிருந்தால் இன்னும் மோசம்: 65-லிருந்து பட்டனை அழுத்தி அழுத்தி 35-க்கு இறக்குவதற்குள் பலகை பின்னால் போயிருக்கும். எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டதும் குரூஸை அணைத்துவிடுங்கள்.

ஊரை விட்டு வெளியே போகும்போதும் இதே விதி. 55 பலகை தூரத்தில் தெரிகிறது என்று முன்கூட்டியே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர்களுக்காகவே அங்கே ஒரு கார் நிற்பதுண்டு.

ஒரு மைல் நீள ஊரை 45-இல் கடந்தால் 80 நொடி, 35-இல் கடந்தால் 103 நொடி. மிச்சமாவது 23 நொடி.

பக்கத் தெருவிலிருந்து திரும்பி ஏறினேன், பலகையே கண்ணில் படவில்லை. அப்போது?

பலகை இல்லாத இடத்தில் மாநிலச் சட்டம் சொல்லும் பொது வரம்பு பொருந்தும். கடைத்தெரு, குடியிருப்புப் பகுதிகளில் அது பெரும்பாலும் 25 அல்லது 30. மரக்கிளை மறைத்த பலகை, விழுந்து கிடக்கும் பலகை என்றால் அன்றே படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் கிளையை வெட்டியிருப்பார்கள்.

ஐந்து மைல் கூடுதலாகப் போனால் விட்டுவிடுவார்களாமே?

பல இடங்களில் விடுவார்கள். ஆனால் அது வழக்கம், உரிமை அல்ல. 35-இல் 36 போனாலும் மீறல்தான். ஆனால் ஜார்ஜியாவில் ஊர், கவுண்டி போலீஸ் ரேடாரை வைத்து எழுதும் வழக்கில், வரம்பைவிட 10 மைலுக்கு மேல் போயிருந்தால்தான் செல்லும். அதிலும் பள்ளி நேரத்தில் பள்ளிப் பகுதி, முறையாகப் பலகை வைத்த குடியிருப்புப் பகுதி, வரலாற்றுப் பகுதி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதே ஜார்ஜியாவில் இரண்டே லேன் உள்ள சாலையில் 75, வேறு எந்தச் சாலையிலும் 85 தொட்டால், ஊர் போடும் அபராதம் போக மாநிலம் தனியாக 200 டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பும். ஊர்க் கோர்ட்டில் கட்டியதோடு முடிந்தது என்று நினைத்து இந்தக் கடிதத்தைக் கவனிக்காமல் விட்டு, லைசென்ஸ் முடங்கியவர்கள் நிறைய.

ரேடாரும் லேசரும் எப்படி அளக்கின்றன?

ரேடார் ரேடியோ அலையை அனுப்பி, உங்கள் காரில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். கே பேண்ட் கருவி 24.15 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதில் வேகத்தின் ஒவ்வொரு மைலுக்கும் ஏறத்தாழ 72 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். 60-இல் வரும் கார் என்றால் 4,320 ஹெர்ட்ஸ். கதிர் போகப் போக அகலும். 12 டிகிரி விரியும் கதிர் ஆயிரம் அடி தூரத்தில் 200 அடிக்கு மேல் அகலம். அதற்குள் எல்லா லேன்களும் அடக்கம். எந்தக் காரின் வேகம் என்று கருவி காட்டாது. போலீஸ்காரர் கண்ணால் ஒரு காரைப் பார்த்து, வேகத்தை மதிப்பிட்டு, பிறகு திரையில் வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருவது இதனால்தான்.

லேசர் வேறு ரகம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, தூரம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று கணக்கிடும். ஆயிரம் அடியில் அதன் கதிர் மூன்றடி அகலம்தான். நம்பர் பிளேட்டையோ ஹெட்லைட்டையோ குறிவைத்துப் பிடிப்பார்கள். 'பக்கத்து லேன் கார் அது, என்னுடையது இல்லை' என்ற வாதம் ரேடாரில் சில சமயம் எடுபடும். லேசரில் அனேகமாக எடுபடாது.

இவை தவிர, உங்கள் பின்னாலேயே ஒரே இடைவெளியில் ஓட்டி வந்து தன் ஸ்பீடோமீட்டரைப் பார்ப்பது ஒரு முறை. சாலையில் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை நொடி என்று பார்ப்பது இன்னொன்று.

கருவி தப்பாகக் காட்டுமா?

காட்டும். ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் அல்ல. நின்றுகொண்டிருக்கும் போலீஸ் கார் சாலையோரத்திலிருந்து சாய்வாக அளந்தால், எண் குறைவாகத்தான் வரும். 60-இல் போகும் காரை 20 டிகிரி கோணத்தில் அளந்தால் 56 காட்டும். அது உங்களுக்குச் சாதகம். 'கோணம் சரியில்லை' என்று கோர்ட்டில் சொன்னால், நீங்கள் இன்னும் வேகமாகப் போனீர்கள் என்று நீங்களே சொன்னதாக ஆகும்.

ஓடிக்கொண்டே அளக்கும்போதுதான் உங்களுக்கு எதிரான பிழை வரும். அப்போது ரேடார் இரண்டு எண்களை எடுக்கும்: தன் காரின் வேகம், எதிரே வருவதும் தானும் சேர்ந்து நெருங்கும் வேகம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் உங்கள் வேகம். போலீஸ் கார் 50-இல் போகிறது, முன்னால் ஒரு லாரி 20-இல் ஊர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடார் தரையைப் பார்ப்பதற்குப் பதில் அந்த லாரியின் முதுகைப் பிடித்துக்கொண்டால், தன் வேகம் 30 என்று நினைத்துவிடும். எதிரே நீங்கள் 50-இல் வருகிறீர்கள். நெருங்கும் வேகம் 100. நூறில் முப்பது போக 70. ஒழுங்காக வந்தவர் கையில் 70-க்கு டிக்கெட். போலீஸ்காரர் அந்த நொடியில் தன் ஸ்பீடோமீட்டரை ரேடார் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தாரா என்பதுதான் கோர்ட்டில் கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் ஸ்பீடோமீட்டரும் பிழை செய்யலாம். தொழிற்சாலை அளவைவிட விட்டம் 3 சதவீதம் பெரிய டயர் மாட்டினால், 65 காட்டும்போது நிஜ வேகம் 67. போனின் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு நேர்ச்சாலையில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ரேடார் டிடெக்டர் வைத்துக்கொள்ளலாமா?

போலீஸ் ரேடாரை உணர்ந்து எச்சரிக்கும் இந்தக் கருவி வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் சட்டவிரோதம். பெரிய வணிக லாரிகளில் நாடு முழுவதும் தடை. மற்றபடி தனியார் கார்களில் பெரும்பாலும் தடையில்லை. ரேடாரைக் குழப்பும் ஜாமர் எங்குமே கூடாது. லேசர் துப்பாக்கி, ட்ரிகரை அழுத்தும்போது மட்டும்தான் ஒளியை விடும். டிடெக்டர் கத்தும்போது உங்கள் வேகம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். வேஸ் மாதிரியான செயலிகள் சொல்லும் எச்சரிக்கை இதைவிட உபயோகம், அதுவும் முன்னால் யாராவது போய்ப் பதிந்திருந்தால்தான். கூட்டமில்லாத ராச்சாலையில் அதையும் நம்ப முடியாது.

போலீஸ் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும்?

வலது சிக்னல் போட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரவானால் உள் விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். அவர் கேட்பதற்குமுன் டாஷ்போர்டு அறையைத் துழாவ வேண்டாம். கேட்டபின், 'லைசென்ஸ் என் பின் பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கிறேன்' என்று சொல்லிவிட்டு எடுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் காரை விட்டு இறங்கி அவரை நோக்கி நடப்பது இங்கே பெரிய தப்பு.

'எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?' என்பது சும்மா கேட்கும் கேள்வி அல்ல, பதிலை எழுதிக்கொள்வார். பொய் சொல்ல வேண்டாம், எண்ணும் சொல்ல வேண்டாம். மரியாதையோடு பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. காரைச் சோதனை போடலாமா என்று கேட்டால், சம்மதம் இல்லை என்று அமைதியாகச் சொல்லலாம். டிக்கெட் எழுதும் வேலை முடிந்தபின், காரணமின்றி மோப்ப நாய்க்காக உங்களைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

டிக்கெட்டில் கையெழுத்துக் கேட்டால் போடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. ஆஜராகிறேன் அல்லது பணம் கட்டுகிறேன் என்ற உறுதி மட்டுமே. சில மாநிலங்களில் கையெழுத்து மறுத்தால் கைது வரை போகும். வாதாட வேண்டியது கோர்ட்டில்.

டிக்கெட் கைக்கு வந்தபின் முதல் வேலை என்ன?

அன்றே இருபக்கமும் படியுங்கள். கோர்ட்டின் பெயர், கடைசித் தேதி, சட்டப்பிரிவின் எண், பதிவான வேகம், எந்தக் கருவி. அதைப் படம் எடுத்து வைத்துவிட்டு, இடத்தையும் பலகைகளையும் படம் எடுங்கள்.

உடனே ஆன்லைனில் பணம் கட்டுவதுதான் பலர் செய்வது. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள். லைசென்ஸ் கணக்கில் மீறலுக்கான பாயிண்ட் ஏறும், அடுத்த புதுப்பித்தலில் இன்ஷூரன்ஸ் ஏறலாம். கட்டும்முன் கோர்ட் கிளார்க்குக்கு போன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள்: டிரைவிங் வகுப்பு முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்வார்களா, குறிப்பிட்ட காலம் வேறு டிக்கெட் வாங்காமல் இருந்தால் வழக்கைக் கைவிடும் ஏற்பாடு உண்டா. டெக்சஸில் வரம்பைவிட 25 மைலோ அதற்கு மேலோ போயிருந்தால் வகுப்பு கிடையாது. தேதி தாண்டிவிட்டால் பெரும்பாலும் இந்தச் சலுகை போய்விடும்.

வழக்கை எதிர்த்தால் ஜெயிக்க முடியுமா?

போலீஸ்காரர் வரமாட்டார், வழக்கு தானாகப் போய்விடும் என்று நம்பிப் போகாதீர்கள். சின்ன ஊர்களில் அவருடைய எல்லா வழக்கையும் ஒரே நாளில்தான் போடுவார்கள், கண்டிப்பாக வருவார். பெயரில் ஓர் எழுத்துப் பிழை, கார் நிறம் தப்பு என்பதாலும் டிக்கெட் ரத்தாகாது.

எடுபடுவது ஆவணங்கள். விசாரணைக்கு முன்பே எழுத்துமூலம் கேட்க வேண்டியவை: கருவியின் சோதனைப் பதிவு, அன்று வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அதைச் சோதித்த குறிப்பு, அந்தக் கருவிக்கு அவர் பெற்ற பயிற்சிச் சான்று, வீடியோ இருந்தால் அதன் நகல்.

கலிபோர்னியாவில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அங்கே ஸ்பீட் ட்ராப் என்பதற்குச் சட்டத்திலேயே வரையறை இருக்கிறது. கோடு போட்டு நேரம் பார்த்து வேகம் கணக்கிடுவது அதில் அடங்கும். பொறியாளர்கள் எடுத்த போக்குவரத்து ஆய்வு இல்லாத சாலையில் ரேடார் வைப்பதும் அடங்கும். ஆய்வு பொதுவாக 5 ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த சாட்சியம் செல்லாது. மாநில உச்சபட்ச வரம்புகளுக்கும் சின்னத் தெருக்களுக்கும் இது பொருந்தாது. டிஆர்-205 படிவத்தில் எழுத்து மூலமே வாதாடலாம். அபராதத் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், ஜெயித்தால் திரும்ப வரும். தோற்றால் 20 நாளுக்குள் நேரடி விசாரணை கேட்கலாம். வேலையை விட்டு நூறு மைல் போக முடியாதவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மேயரே நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். இது சட்டமா?

ஒஹையோவிலும் லூசியானாவிலும் மேயர் கோர்ட் இன்னும் உண்டு. ஊர் வருமானத்துக்குப் பொறுப்பான மேயரே தீர்ப்புச் சொல்வது நியாயமான விசாரணை ஆகாது என்று ஒஹையோவின் மன்ரோவில் ஊர் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒஹையோவில் தோற்றால் 10 நாளுக்குள் மேல்முறையீடு போடுங்கள். வழக்கு வேறு கோர்ட்டில் முதலிலிருந்து நடக்கும்.

வேறு மாநிலத்து டிக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால்?

விடாதீர்கள். பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அங்கே கட்டாத டிக்கெட், இங்கே உங்கள் லைசென்ஸை முடக்கும். பாயிண்ட் ஏறுவது சொந்த மாநிலத்தின் விதியைப் பொறுத்தது. உதாரணமாக, மற்ற அமெரிக்க மாநிலங்களின் ஸ்பீடிங் டிக்கெட்டுக்கு நியூயார்க் பாயிண்ட் போடுவதில்லை. ஆனால் பணம் கட்டாத விஷயம் வேறு.

விசாவைப் பாதிக்குமா?

சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் எச்-1பி வேலை விசாவையோ எஃப்-1 மாணவர் விசாவையோ பறிக்காது. கவனமாக இருக்க வேண்டிய இடம் வர்ஜீனியா. அங்கே வரம்பைவிட 20 மைல் கூடுதலாகவோ, எந்தச் சாலையானாலும் 85-க்கு மேலோ போனால் 'ரெக்லெஸ் டிரைவிங்'. அது அபராதத்தோடு முடியும் டிக்கெட் அல்ல, கிரிமினல் குற்றம். 12 மாதச் சிறை, 2,500 டாலர் அபராதம் வரை சட்டம் இடம் தருகிறது. விசாவுக்கான டி.எஸ்.-160 படிவம் கைது, தண்டனை பற்றிக் கேட்கும். இதில் தண்டனை பெற்றவர் இல்லை என்று போட முடியாது. இந்த ஒரு டிக்கெட்டுக்கு உள்ளூர் வக்கீல் வைப்பது தண்டச் செலவு அல்ல. எந்த வழக்கானாலும் முடிந்ததும் முத்திரையிட்ட தீர்ப்பு நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அபராதம் கட்டக் கையில் பணம் இல்லை.

கடைசித் தேதிக்கு முன் கிளார்க்கிடம் தவணை கேளுங்கள். பல கோர்ட்டுகள் தரும். வசதி இல்லாததற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்கே போகாமல் இருந்தால் வாரண்ட் வரும்.

'உங்கள் டிக்கெட் பாக்கி, உடனே கட்டுங்கள்' என்று போனுக்குச் செய்தி வந்திருக்கிறது.

மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், லிங்க்கைத் தொடாதீர்கள். டிக்கெட்டில் அச்சிட்ட கோர்ட் எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். வாடகைக் கார் என்றால், கேமரா எடுத்த டிக்கெட் முதலில் கம்பெனிக்குப் போய், அவர்களின் கட்டணமும் சேர்ந்து வாரக்கணக்கில் தாமதமாக உங்கள் கார்டில் ஏறலாம். அந்தக் கட்டணத்தோடு அபராதமும் அடங்கியதா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடங்கவில்லையென்றால் கோர்ட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.